எண்ணெய் சுரக்கும் வண்டி

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு இன்ஸ்பெக்டர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கம்பியின் நுனியில் ஒரு கரிய சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் பூரிப்பு தாங்கவில்லை.

"இந்தாம்மா, இங்க வந்து பாரேன். மறுபடியும் ரெண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்கு!"

"தரையில சொட்டாம பிடிங்க," என்றாள் மாத்திரையம்மா.

"ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் எண்ணெய் குடிக்கும். நம்ம வண்டி எண்ணெய் சுரக்குது."

இன்ஸ்பெக்டர் என்றதும் தொப்பியும் லத்தியுமாக யாரையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து மூன்று வருஷம் கடை கடையாக ஏறி இறங்கி, தராசைத் தட்டிப் பார்த்து, படிக்கல்லைப் புரட்டிப் பார்த்து, பெட்ரோல் பங்க்கில் ஐந்து லிட்டர் கேனில் பிடித்துப் பார்த்து முத்திரை வைத்தவர். அத்தனை வருஷத்தில் அவர் கண்டது இரண்டே வகை: ஒன்று சரியான அளவு, இல்லாவிட்டால் குறைவான அளவு. கூடுதலாகக் கொடுத்தவன் ஒருவன்கூட அவர் கண்ணில் பட்டதில்லை. இப்போது கடைசி காலத்தில் அவருடைய சொந்த இன்ஜினே கூடுதலாகக் கொடுக்கிறது என்றால் மனுஷர் தலைகால் புரியாமல் ஆடத்தானே செய்வார்?

மாத்திரையம்மா அவருடைய மனைவி. கடைத்தெரு முனையிலிருக்கும் மருந்துக் கடையில் மருந்தாளராக இருக்கிறாள். சீட்டைப் பார்த்ததும் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று மட்டுமல்ல, எந்த மனநிலையில் எழுதினார் என்றும் சொல்லிவிடுவாள். மருந்து வாங்க வருகிறவர்கள் வைத்த பெயர்தான் மாத்திரையம்மா. அது அவளுக்குப் பிடித்தும் போய்விட்டது.

வண்டி வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. வாங்கிய அன்றே கையேட்டைக் கரைத்துக் குடித்துவிட்டார் இன்ஸ்பெக்டர். வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு சி.சி., நாலு சிலிண்டர், பதினாறு வால்வு. நூற்றுப் பதினைந்து குதிரைத் திறன். ஆயிரத்து ஐந்நூறு சுற்றிலேயே இருநூற்று ஐம்பது நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. டீசலை இரண்டாயிரம் பார் அழுத்தத்தில் இன்ஜெக்டர் பீய்ச்சும். டர்போ நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்று சுற்றும். எண்ணெய் நாலு புள்ளி எட்டு லிட்டர். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்குக்கூட இதெல்லாம் மனப்பாடம்.

இத்தனை வீரம் உள்ள வண்டியை அவர் என்ன செய்தார் என்று கேட்டால் சிரிப்பு வரும். காலை ஒன்பது மணிக்கு உறையை நீக்கி, ஸ்டார்ட் செய்து, டர்போவுக்கு எண்ணெய் ஏறட்டும் என்று நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் ஓடவிடுவார். பிறகு நூலகம் வரைக்கும் ஒன்றேகால் கிலோமீட்டர், முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் உருட்டிக்கொண்டு போவார். சைக்கிளில் போகிறவர்கள் மணியடித்து வழி கேட்பார்கள். பேப்பர் படித்துவிட்டு அதே ஒன்றேகால் கிலோமீட்டர் திரும்பி வருவார். துடைப்பார், உறையைப் போடுவார், அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

மாத்திரையம்மாவுக்கு இதில் ஒரே ஒரு வருத்தம் உண்டு. அது சின்ன வருத்தமல்ல. வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் ஜீப்பில் ஊர் ஊராகச் சுற்றினார், இவள் வீடும் கடையுமாகக் கிடந்தாள். 'ரிடயர் ஆனதும் நாம ரெண்டு பேரும் வண்டி எடுத்துக்கிட்டு நெடுக போவோம்' என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவள் இந்த வண்டிக்கே சரி என்றாள். முதலில் எங்கே போவது என்றும் முடிவு செய்து வைத்திருந்தாள். கடலோரத்தில் செடி நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் தங்கை வீட்டுக்கு. நூற்று நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸில் அவள் மூன்று முறை போய்வந்தாயிற்று. அவளுக்கு அங்கே போய்ச் சேருவது முக்கியமில்லை, அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு போக வேண்டும். இதை அவரிடம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறாள்.

"போகலாம்மா, யார் வேண்டாங்கிறா? இன்ஜின் கொஞ்சம் பழகட்டும். பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகட்டும், போயிடலாம்," என்பது அவருடைய பதில்.

நாலு வருஷத்தில் வண்டி ஓடியது மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டர். மாத்திரையம்மா ஒருநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதே வேகத்தில் போனால் பத்தாயிரம் ஆக இன்னும் ஆறு வருஷத்துக்கு மேல் வேண்டும். அப்போது அவளுக்கு அறுபத்தைந்து. தங்கையோ ஞாயிறு தவறாமல் ஃபோனில் குத்திக்காட்டுவாள். "என்னக்கா, அத்தான் வண்டிக்குப் பல்லு முளைச்சாச்சா?"

உண்மையில் இன்ஸ்பெக்டரின் பயம் வேறு. கையேடு தீர்ந்துபோன பிறகு அவர் ஃபோனில் படிக்க ஆரம்பித்தார். அந்த மாதிரி இன்ஜின் வைத்திருப்பவர்கள் உலகத்தின் நாலாபக்கத்திலிருந்தும் எழுதிய புலம்பல்களைப் படித்துப் படித்து, டர்போ டீசலுக்கு வரக்கூடிய கோளாறுகள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தார். இன்ஜெக்டர் அடைத்துக்கொள்வது. புகையைத் திருப்பி விடும் வால்வில் கரி படிவது. டர்போ பேரிங் தேய்வது. ஃப்ளைவீல் ஆடுவது. டைமிங் பெல்ட் அறுவது. இப்படி இருபத்து மூன்று. நெடுஞ்சாலை என்ற பேச்சை எடுத்தாலே இந்த இருபத்து மூன்றும் வரிசை கட்டிக்கொண்டு வந்து அவர் வழியை மறிக்கும்.

மாத்திரையம்மாவுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். மாத்திரை அட்டையோடு வரும் துண்டுச் சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, போடாத மாத்திரைக்கு அரிப்பு வந்துவிட்டது என்று ஓடிவருகிறவர்களைத் தினமும் பார்க்கிறாள் அல்லவா!

எண்ணெய் சுரந்த அதே நாள், ஸ்பேனர் மருந்துக் கடைக்கு வந்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அவள். முப்பத்தைந்து வயது இருக்கும். பின்பாக்கெட்டில் எப்போதும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று செருகியிருக்கும். மணிக்கட்டில் புகைக்குழாய் பட்டுச் சுட்டிருந்தது. மருந்து கேட்டாள்.

"சார் வண்டி எப்படிம்மா இருக்கு? எனக்கு ஒரு நாளாவது வேலை தருமா?" என்றாள், களிம்பு தடவக் கையை நீட்டியபடி.

"உனக்கு வேலையே வைக்காத வண்டி. எண்ணெய்கூட ஊத்த வேண்டாமாம். அதுவே சுரக்குதாம்."

ஸ்பேனர் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டாள். "சுரக்குதா? எவ்வளவு ஏறியிருக்கு?"

"மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரக்கடை."

"சார் இப்ப எங்க?"

"நூலகத்துக்குக் கிளம்புற நேரம்."

"ஃபோனைப் போடுங்கம்மா. ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்னு சொல்லுங்க!"

மாத்திரையம்மா களிம்புக் கையோடு ஃபோனை எடுத்தாள். நல்ல வேளை, அவர் அப்போதுதான் உறையை மடித்துக்கொண்டிருந்தார். தொடாதீர்கள், பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, "இப்ப விளக்கமா சொல்லு," என்றாள்.

"அம்மா, டீசல் எரிஞ்சா கரி வரும். அந்தக் கரி வெளிய போகாம பிடிக்கிறதுக்கு புகைக்குழாயில ஒரு ஃபில்டர் இருக்கு. அது நிறைஞ்சதும் இன்ஜினே கொஞ்சம் கூடுதல் டீசல் விட்டு, அறுநூறு டிகிரிக்குச் சூடேத்தி, கரியை எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கும். அதுக்கு வண்டி நல்லா வேகமா அரை மணி நேரம் ஓடணும். சார் என்ன பண்றாரு? அது எரிக்க ஆரம்பிக்கும்போது நூலகம் வந்துடுது, ஆஃப் பண்ணிடறாரு. மறுநாள் அது மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி ஆஃப். எரியாத டீசல் எல்லாம் வழிஞ்சு கீழ எண்ணெயில கலக்குது. ஏறுறது எண்ணெய் இல்லம்மா, டீசல்."

"அடப்பாவமே. டாக்டர் அஞ்சு நாளைக்கு எழுதின மாத்திரையை ரெண்டு நாள் சாப்பிட்டுட்டு நிறுத்துற கேஸ்," என்றாள் மாத்திரையம்மா.

"அதேதான்! எண்ணெய் தண்ணி மாதிரி ஆயிட்டா முதல்ல டர்போ போகும். இன்னும் ஏறிச்சுன்னு வைங்க, இன்ஜின் அந்த எண்ணெயையே குடிச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்சுடும். சாவியை எடுத்தாலும் நிக்காது. காதைப் பொத்திக்கிட்டு ஓட வேண்டியதுதான்."

பிற்பகலில் வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். கயிற்றின் பின்னால், உருளும் வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்த மாத்திரையம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஸ்பேனர் அடியில் படுத்து நட்டைக் கழற்றினாள். இன்ஸ்பெக்டர் தன்னுடைய பழைய முத்திரை போட்ட அளவுக் கேனைக் கொண்டுவந்திருந்தார். அதில்தான் பிடிக்க வேண்டும் என்றார். ஐந்து லிட்டர் நிறைந்தது. அதன் பிறகும் ஒழுகிக்கொண்டிருந்தது. இன்னொரு பாத்திரத்தில் பிடித்துக் கூட்டிப் பார்த்தார்கள். ஐந்து புள்ளி ஒன்பது லிட்டர். வாசனை ஒன்றும் எண்ணெய் வாசனையாக இல்லை, அப்பட்டமான பங்க்கு வாசனை.

இன்ஸ்பெக்டர் விரலில் தொட்டு முகர்ந்தார். இன்னொரு விரலிலும் தொட்டு முகர்ந்தார்.

"கூடுதலா குடுக்குதுன்னு நம்பிட்டேன்," என்றார் கடைசியில். "இது கலப்படம். நான் எப்படிக் கண்டுபிடிக்காம விட்டேன்?"

"கலப்படம் உங்க துறை இல்லையே," என்றாள் மாத்திரையம்மா.

"ஆமா," என்று அவர் உடனே பிடித்துக்கொண்டார். "அது வேற துறை."

ஸ்பேனர் அவருக்குத் தெரியாமல் வண்டிக்கு அடியிலேயே சிரித்தாள். புது எண்ணெய், புது எண்ணெய் ஃபில்டர் எல்லாம் போட்டு முடித்து, கட்டை விரல் அளவிலான ஒரு கருவியை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினாள். அது கண்டதை மாத்திரையம்மாவின் ஃபோனில் எண்ணாகக் காட்டியது. ஃபில்டரில் கரி முப்பத்தொரு கிராம்.

"நாற்பத்தஞ்சைத் தாண்டினா ஃபில்டரையே மாத்தணும். இப்பவே எரிச்சுடலாம். நாலாவது கியர், ரெண்டாயிரத்து ஐந்நூறு சுற்று, குறையாம நாற்பது நிமிஷம். எரிய ஆரம்பிச்சதும் நடுவுல நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான் சார் வைத்தியம்."

"ரெண்டாயிரத்து ஐந்நூறா!" இன்ஸ்பெக்டர் வண்டியின் பானெட்டைத் தடவினார். "நீயே ஓட்டிட்டு வந்துடும்மா. உனக்குப் பழக்கம். நான் இங்கயே இருக்கேன்."

"அதுக்கென்ன சார், புறவழிச் சாலையில ஒரு ரவுண்டு அடிச்சா முடிஞ்சுது."

மாத்திரையம்மா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். நாலு வருஷமாகக் காத்திருந்த ஒரு காரணம் தானாகக் கைக்கு வந்து, அதுவும் வேறொருத்தி காலடிக்குப் போகிறது. அவளைப் பொறுத்தவரை இது இப்போது நடக்காவிட்டால் இனி எப்போதும் நடக்காது. பட்டறையில் ஆள் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

"அவ ஓட்ட வேண்டாம். நாம ஓட்டுவோம். நாளைக்குக் காலையில என் தங்கச்சி வீட்டுக்குப் போறோம்."

"நூத்தி நாற்பது கிலோமீட்டரா? இந்த நிலைமையிலயா? அந்த நோட்டுல பதினேழாவது..."

"நோட்டை மூடுங்க. மருந்துச் சீட்டுல எழுதியிருக்கிற பக்க விளைவெல்லாம் ஒரே ஆளுக்கு வராது. வந்த வியாதி ஒண்ணே ஒண்ணு. அது ஓடாததால வந்த வியாதி."

இன்ஸ்பெக்டர் உதவிக்காக ஸ்பேனரைப் பார்த்தார். ஸ்பேனர் கையைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள். "ரோடு நல்ல ரோடு சார்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். மாத்திரையம்மா பச்சைச் சேலை கட்டியிருந்தாள். தங்கைக்கு ஃபோன் செய்து, மெக்கானிக் ஓட்டச் சொல்லியிருக்கிறாள், பத்து மணிக்கு வாசலில் நில் என்று சொல்லியிருந்தாள். கரிக் கணக்கைக் காட்டும் ஃபோன் அவள் மடியில் இருந்தது. ஜன்னலை இறக்கினாள். அடுத்த நொடி ஏற்றினாள், ஏனென்றால் முன்னால் போன குப்பை லாரியைத் தாண்ட அவருக்கு மனம் வரவில்லை.

ஊரைத் தாண்டியும் அதே கதைதான். அகலமான சாலை, வெறிச்சோடிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் ஐந்தாவது கியரில் நாற்பத்தைந்தில் போனார். இன்ஜின் தூக்கத்தில் முனகுகிற மாதிரி முனகியது. இருபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டார். ஒரு டிராக்டர் அவர்களைத் தாண்டிப் போனது. டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து ஏதாவது உதவி வேண்டுமா என்று சைகையில் கேட்டார்.

தொண்ணூறு கிலோமீட்டர் இப்படியே போயிற்று. மணி பத்தேகால். புகைக்குழாயின் சூடு இருநூற்றுப் பத்து டிகிரி, கரி முப்பத்திரண்டு கிராம். குறைவதற்குப் பதில் ஒரு கிராம் ஏறியிருக்கிறது.

மாத்திரையம்மா அதுவரை இந்தப் பயணம் கெட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இப்போது மெதுவாகக் கேட்டாள்.

"என்னங்க, அந்தப் பொண்ணு எவ்வளவு சொல்லிச்சு?"

"எது?"

"சுற்று."

"ரெண்டாயிரத்து ஐந்நூறு."

"நீங்க எவ்வளவு குடுக்கிறீங்க?"

அவர் மீட்டரைப் பார்த்தார். "ஆயிரத்து முந்நூறு."

"இதுக்கு என்ன பேரு? முப்பத்து மூணு வருஷம் கடைக்காரங்க மேல எழுதினீங்களே, அந்தப் பேரு."

இன்ஸ்பெக்டரின் காது மடல் சிவந்தது. ஒருவரை நேருக்கு நேர் திருடன் என்று சொன்னால்கூட அப்படிச் சிவந்திருக்காது.

"குறை அளவு," என்றார் தணிந்த குரலில்.

"எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நாலு வருஷமா."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். கியரை நாலுக்கு இறக்கினார். காலை அழுத்தினார்.

வண்டி ஒரு நொடி தயங்கியது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்களா என்று சந்தேகப்படுகிற மாதிரி. பிறகு எங்கிருந்தோ ஒரு மெல்லிய விசில் கிளம்பியது. நாலு வருஷத்தில் அவர்கள் இருவரும் முதல்முறையாக டர்போவின் குரலைக் கேட்டார்கள். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. எண்பது, எண்பத்தைந்து. மரங்கள் பின்னால் ஓடின. பின்பக்கம் கரும்புகை ஒரு தடவை குபுக்கென்று போனது, அதோடு சரி.

"ஐயோ!" என்றாள் மாத்திரையம்மா.

"என்ன, பயமா?" என்றார் அவர் காலை எடுக்கப் பார்த்து.

"எடுத்தீங்கன்னா பாருங்க! நல்லா இருக்குங்க!"

ஜன்னலை முழுசாக இறக்கினாள். கொண்டை அவிழ்ந்துவிட்டது, அவள் கவலைப்படவில்லை. ஃபோனைப் பார்த்து, காய்ச்சல்காரனுக்கு நர்ஸ் படிக்கிற மாதிரி சத்தமாகப் படித்தாள். "முந்நூத்தி ஐம்பது... நானூத்தி இருபது... ஐந்நூத்தி எண்பது... அறுநூறு! எரியுதுங்க! கரி முப்பது!"

இன்ஸ்பெக்டர் ஆளே மாறிப்போனார். முன்னால் போன லாரியைத் தாண்டினார். தாண்டிவிட்டு, "பார்த்தியா?" என்றார். அடுத்த லாரிக்கு இண்டிகேட்டர் போடும்போதே "இப்ப பாரு" என்றார். ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் இருநூற்று ஐம்பது நியூட்டன் மீட்டர் என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் அவருக்கே புரிந்தது. அதுவரை அது மனப்பாடம் செய்த எண் மட்டும்தான். வழியில் ஒரு டிராக்டர் தெரிந்தது. அதே டிராக்டர்தான். இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் கையசைத்துக்கொண்டே தாண்டினார்.

"இருபத்து மூணு... பத்தொன்பது... பதினாறு..."

உப்புக் காற்று வந்தது. மாத்திரையம்மா ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். இடது பக்கம் நாற்றுப் பண்ணையின் பச்சை வலைக் கூரை, அதை அடுத்து நீல நிறச் சுற்றுச்சுவர், வாசலில் தங்கை. அவளோடு பண்ணையில் வேலை செய்யும் நாலைந்து பேரும் நின்றார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாகியும் யாரும் உள்ளே போகவில்லை. தங்கை வண்டியைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள்.

"வந்தாச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். கால் பிரேக்குக்குப் போனது.

"கரி இன்னும் பன்னெண்டு கிராம் இருக்கு," என்றாள் மாத்திரையம்மா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. நாலு வருஷமாக வண்டியில் போகக் காத்திருந்த வீடு, அதோ, எட்டிப் பிடிக்கிற தூரத்தில்.

"நான் நிறுத்தட்டுமா? நீ சொல்லு. நீ ஆசைப்பட்டது இதுதானே," என்றார் அவர்.

"நான் ஆசைப்பட்டது போறதுக்கு. போங்க!"

எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி தங்கையைத் தாண்டிப் போனது. மாத்திரையம்மா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "வர்றோம்டீ!" என்று கத்தினாள். தங்கையின் கை அந்தரத்தில் அப்படியே நின்றதைக் கண்ணாடியில் பார்த்தாள். அரை நிமிஷத்தில் ஃபோன் அலறியது.

"அக்கா! வீட்டைத் தாண்டிப் போறீங்க!"

"தெரியும்டீ!"

"நிறுத்தச் சொல்லு அத்தானை!"

"நிறுத்த முடியாது!"

"ஐயையோ, பிரேக் போயிடுச்சா?"

"பிரேக் இருக்கு, கரிதான் இன்னும் போகல!" என்று சொல்லிவிட்டு, கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஃபோனை வைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பென்றால் அடக்க முடியாத சிரிப்பு. அவருக்கும் தொற்றிக்கொண்டது. கடல் வலது பக்கம் கூடவே ஓடிவந்தது. முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்துக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தது அதுவரை எத்தனை தடவை என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பதில் தெரியாது.

"எட்டு... ஆறு... நாலு... நின்னுடுச்சுங்க. முடிஞ்சுது!"

சாலை கடலுக்குப் பக்கமாக வளைகிற இடத்தில் அவர் ஓரமாக நிறுத்தினார். டர்போ ஆறட்டும் என்று ஒரு நிமிஷம் ஓடவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார். சூடான இரும்பு டிக் டிக்கென்று சத்தமிட்டது. கீழே அலை அடித்தது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனருக்கு ஃபோன் போட்டார். இருவருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்.

"மூணு புள்ளி ஒன்பது கிராம்!"

"சூப்பர் சார்! புது வண்டி மாதிரி ஆயிடுச்சு. இனிமே இவ்வளவு தூரமெல்லாம் போகணும்னு இல்ல. வாரத்துக்கு ஒரு தடவை புறவழிச் சாலையில அரை மணி நேரம் நல்லா விரட்டினா போதும். கவலையை விடுங்க."

"சரிம்மா," என்று அவர் வைத்தார். மாத்திரையம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புறவழிச் சாலை. அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாளாவது கிடைத்ததே.

பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் பறந்துவந்து நின்றது. தங்கை. ஹெல்மெட்டைத் தலையிலிருந்து இழுத்து எடுத்தாள். ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

"நாலு வருஷம் கழிச்சு வண்டியில வர்றீங்க, டாட்டா காட்டிட்டுப் போறீங்க! என்ன அத்தான் இது? அந்த மெக்கானிக்தான் இப்படி ஓட்டச் சொன்னாங்களா?"

"ஆமா," என்றார் இன்ஸ்பெக்டர். "இப்பகூடப் பேசினேன்."

"என்ன சொன்னாங்க?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முப்பத்து மூன்று வருஷத்தில் அரை கிராம்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனுஷர். முகத்தை அலுவலகத்தில் இருப்பதுபோல் வைத்துக்கொண்டு சொன்னார்.

"மாசத்துக்கு ஒரு தடவை இங்க வரைக்கும் ஓட்டியே ஆகணுமாம். புறவழிச் சாலையெல்லாம் பத்தவே பத்தாதாம். ரெண்டு பேரா வந்தாத்தான் இன்ஜினுக்கு நல்லதாம்."

மாத்திரையம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிரே வெறும் சாலையில் என்னவோ பெரிய வேலை இருப்பதுபோல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காது மடல் மறுபடி சிவந்திருந்தது.

"ஒரு தடவையா?" என்றாள் அவள். "ரெண்டு தடவைன்னு சொன்ன மாதிரில்ல எனக்குக் கேட்டுது."

"ரெண்டுதான்," என்றார் இன்ஸ்பெக்டர் உடனே. "நான்தான் குறைச்சுச் சொல்லிட்டேன்."